வயசான கடையும் வாசிக்கிற சனமும்

பழசு என்றாலே கையெடுத்துக் கும்பிடுகிற புத்தி நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஐரோப்பாக்காரர்களுக்கும் அது உண்டு. இங்கே கோயிலுக்குத் தலபுராணம் எழுதினார்கள். அங்கே கடைக்கு எழுதுகிறார்கள். போர்த்துக்கல் தலைநகர் லிஸ்பனில், ஷியாடோ என்ற மேட்டுப் பகுதியில், காரெத் தெருவில் பெர்த்ரான்ட் என்று ஒரு புத்தகக் கடை இருக்கிறது. 1732இல் தொடங்கிய கடை. இன்றைக்கும் வியாபாரம் நடக்கிற புத்தகக் கடைகளில் உலகத்திலேயே மூத்தது இதுதான் என்று கின்னஸ்காரர்கள் சான்றிதழே கொடுத்திருக்கிறார்கள். சுற்றுலா வருகிறவர்கள் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

கவிதை வாசிக்கக் கூப்பிட்டார்கள் என்று பேங்கில் லீவு சொல்லிவிட்டு அந்த ஊருக்குப் போயிருந்தேன். டிக்கெட் அவர்கள் செலவு. அதனால்தான் போக முடிந்தது. திரும்பி வந்ததும் தோழர்கள் கேட்டார்கள்: ‘கடையப் பாத்தியா? எப்படி இருந்திச்சி? நமக்கும் அப்படி ஒண்ணு வேணும்ல?’ இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கடை எப்படி இருந்தது என்பது சின்ன விஷயம். ‘நமக்கும் அப்படி ஒண்ணு வேணும்’ என்கிற ஆசைதான் பேசப்பட வேண்டியது.

முதலில் கடையைச் சொல்லிவிடுகிறேன். வாசலில் நீலமும் வெள்ளையுமாக ஓடு பதித்த சுவர். உள்ளே போனால் ஒரு அறைக்குப் பின்னால் இன்னொரு அறை, வளைவு வளைவாகப் போய்க்கொண்டே இருக்கிறது. அறைகளுக்கு எழுத்தாளர்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். அக்கிலினோ ரிபெய்ரோ, எஸா தெ கெய்ரோஷ், ஜோஸே சரமாகோ, இப்படி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எர்குலானோ, எஸா மாதிரிப் பெரிய எழுத்தாளர்களெல்லாம் இங்கே வந்து உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். இன்று கடை ஒரு பெரிய பதிப்பகக் குழுமத்தின் கையில் இருக்கிறது; நாடு முழுக்கக் கிளைகள். புத்தகம் வாங்கினால், கேட்கிறவர்களுக்கு முதல் பக்கத்தில் ஒரு ரப்பர் முத்திரை குத்திக் கொடுக்கிறார்கள்: உலகின் மிகப் பழைய புத்தகக் கடையில் வாங்கியது என்று. நாள் முழுக்க முத்திரை குத்துகிற வேலையில் இருக்கிறவன் நான். முத்திரை எதற்குக் குத்துகிறோம் என்று எனக்குத் தெரியும். இந்தத் தாள் செல்லும் என்று சொல்வதற்கு. இங்கே செல்லுபடியாக்கப்படுவது புத்தகம் இல்லை, கடையின் வயசு.

வயசு என்பது என்ன? ஒரு கடை இருநூற்றுத் தொண்ணூறு வருஷத்துக்கு மேல் கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்றால், அந்தக் கதவுக்குள் யார் போனார்கள், யார் போகவில்லை என்று கேட்காமல் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ள முடியுமா? லெட்ஜரில் வரவை மட்டும் எழுதிப் பற்றை விட்டால் எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்?

கணக்கைப் பார்ப்போம்.

1732இல் கடை திறந்தபோது அந்த நாட்டில் ஒரு புத்தகம் அச்சாக வேண்டுமானால் மூன்று இடத்தில் அனுமதி வாங்க வேண்டும். சமய விசாரணை மன்றம் ஒன்று, ஆயர் ஒன்று, அரசனின் நீதிமன்றம் ஒன்று. 1536 முதல் 1821 வரை அந்த விசாரணை மன்றம் அங்கே ஆட்டம் போட்டது. அதனுடைய மாளிகை இருந்த ரோசியோ சதுக்கத்துக்கு இந்தக் கடையிலிருந்து நடந்தே இறங்கிவிடலாம், பத்து நிமிஷம். இப்போது அந்த இடத்தில் தேசிய நாடக அரங்கு நிற்கிறது. மூன்று சல்லடையில் சலித்து விழுந்ததைத்தான் கடைக்காரர் விற்க முடியும். பிரான்சிலிருந்து வந்த அந்தக் கடைக்காரர்கள் கில்லாடிகள், ஒளித்துக் கொடுத்தும் இருக்கலாம். ஆனால் மேசை மேல் கிடந்தது சலித்ததுதான்.

அதே 1732இல் அந்த ஊரில் மனுஷனை மனுஷன் விலைக்கு வாங்குவது சட்டப்படி சரி. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த அடிமைகள் லிஸ்பன் தெருக்களில் தண்ணீர் சுமந்தார்கள், மலம் அள்ளிக் கொண்டுபோய் ஆற்றில் கொட்டினார்கள். ஆமாம் தோழர்களே, அங்கேயும் அந்த வேலைக்கென்று ஒரு கூட்டத்தை ஒதுக்கி வைத்திருந்தார்கள். செத்தால் புதைக்க ஆளில்லை. கண்ட இடத்தில் பிணத்தை வீசினார்கள். நாற்றம் தாங்காமல் 1515இல் மானுவல் அரசன் ஒரு குழி தோண்டச் சொல்லி உத்தரவு போட்டான். பிணத்தைப் போடவும் அவ்வப்போது சுண்ணாம்பு கொட்டவும் ஆழமான ஒரு குழி. ‘கறுப்பர்களின் கிணறு’ என்று பொருள்படும் பெயரில் அந்தத் தெரு இன்றும் இருக்கிறது. ஷியாடோவிலிருந்து கொஞ்சதூரம்தான். இப்போது அங்கே நல்ல காபிக் கடைகள். பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கிறார்கள்.

1755 நவம்பர் 1ஆம் தேதி பெரிய பூகம்பம். நிலநடுக்கம், கடல் பொங்கியது, அப்புறம் தீ. நகரமே போயிற்று, கடையும் போயிற்று. வேறொரு இடத்தில் ஒதுங்கி இருந்துவிட்டு 1773இல் இப்போதிருக்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தது. கடையின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் இந்த 1773ஐப் பெருமையாகச் சொல்கிறார்கள். அதே 1773இல் நடந்த இன்னொன்றை நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

1497இல் போர்த்துக்கல் அரசன் யூதர்களை வலுக்கட்டாயமாக ஞானஸ்நானம் வாங்க வைத்தான். மதம் மாறினால் ஒன்றாகிவிடலாம் என்று சொன்னார்கள். ஆனார்களா? அவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ‘புதிய கிறிஸ்தவர்’ என்று பெயர் கட்டினார்கள். 1506இல் லிஸ்பன் தெருவில் அவர்களை ஆயிரக்கணக்கில் வெட்டியும் எரித்தும் கொன்றார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு ‘இரத்தச் சுத்தம்’ என்ற சட்டம். தாத்தா யார், பாட்டி யார், இரத்தத்தில் கலப்பு உண்டா என்று விசாரித்துவிட்டுத்தான் பதவி, பட்டம், குருத்துவம் எல்லாம். மதம் மாறியும் தீட்டுப் போகாத கதை நமக்குப் புதுசா என்ன? இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் இது நடந்தது. 1773 மே மாதம் பொம்பால் என்ற அமைச்சரின் காலத்தில்தான் பழைய கிறிஸ்தவர், புதிய கிறிஸ்தவர் என்ற பிரிவையே சட்டம் போட்டு ஒழித்தார்கள். அந்தச் சொல்லைச் சொல்லி இழிவுபடுத்தினால் தண்டனை என்றும் எழுதினார்கள். புத்தகக் கடை திறந்து நாற்பத்தோரு வருஷம் ஆகியிருந்தது. புத்தகம் விற்றுக்கொண்டிருந்ததால் மட்டும் இரத்தத்தின் மேல் இருந்த தீட்டு கழியவில்லை. தண்டனையோடு கூடிய ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அதே பொம்பால் 1761இலும் 1773இலும் போட்ட அடிமை ஒழிப்புச் சட்டங்கள் போர்த்துக்கல் மண்ணுக்கு மட்டும்தான். காலனிகளில் 1869 வரைக்கும் அடிமைமுறை சட்டப்படியே நடந்தது.

இன்னொரு சொல்லையும் இங்கே எடுத்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் சாதிக்கு ‘காஸ்ட்’ என்கிறோம். அம்பேத்கர் அந்தச் சொல்லை வைத்துத்தான் உலகத்துக்குப் புரியவைத்தார். அந்தச் சொல் போர்த்துக்கீசிய மொழியின் ‘காஸ்தா’விலிருந்து போனது. வம்சம், இனம், ரகம் என்று பொருள். ஆடு மாடு குதிரைக்கும் சொல்வார்கள். லிஸ்பனில் ஒயின் கடைக்குப் போனால் திராட்சை ரகத்துக்கு இன்றும் ‘காஸ்தா’ என்றுதான் பெயர். இந்தப் பாட்டிலில் எந்தெந்தக் காஸ்தா கலந்திருக்கிறது என்று அச்சடித்து ஒட்டியிருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. திராட்சையில் கலப்பு இருந்தால் ருசி என்கிறான்! பதினாறாம் நூற்றாண்டில் நம்ம கரையில் வந்து இறங்கிய போர்த்துக்கீசியர்களுக்கு, இங்கே கண்டதற்குப் பெயர் வைக்க அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இரத்தத்தைப் பிரித்துப் பார்க்கிற பழக்கமும் அதற்கான சொல்லும் ஊரிலிருந்தே கையோடு வந்திருந்தன.

இதையெல்லாம் சொல்வதால் ஐரோப்பாவின் புத்தகமே வேண்டாம் என்கிறேன் என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். அந்தப் பேச்சும் எனக்கு உடன்பாடில்லை. புத்தகம் அவனுடையது, பாட்டும் பறையும் மட்டும்தான் நம்முடையது என்று பாகம் பிரித்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு லிஸ்பனே பதில் சொல்கிறது.

பெர்த்ரான்ட் கடை வருவதற்கு 178 வருஷம் முன்பு, 1554இல், லிஸ்பனில் ஒரு சின்னப் புத்தகம் அச்சானது. கிறிஸ்தவ ஜெபங்களைக் கற்றுக்கொடுக்கும் ‘கார்த்தில்யா’. தமிழும் போர்த்துக்கீசியமும் சேர்ந்தது. தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் போட்டிருந்தார்கள். அச்சேறிய முதல் தமிழ் அதுதான். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்திலேயே வருவதற்கு இருபத்துநாலு வருஷம் முந்தி. அந்தக் கார்த்தில்யாவைச் செய்தவர்கள் மூன்று இந்தியர்கள். விசெந்தே தெ நஸரே, ஜோர்ஜ் கார்வால்யோ, தொமே தா க்ரூஸ். முத்துக்குளித்துறையில் புதுசாக மதம் மாறிய மீனவச் சனங்களுக்காக வேண்டிய புத்தகம் அது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர்கள்தான் நம் கைக்கு வந்திருக்கின்றன. பெற்றவள் கூப்பிட்ட பெயர் வரவில்லை. ஆனாலும் தமிழ் அச்சு வரலாற்றின் முதல் வரியில் ஏட்டுச்சுவடி காத்த மடாதிபதி இல்லை, வித்துவான் இல்லை. கடல் கடந்து போய், அந்நிய எழுத்தில் தன் பேச்சைப் பிடித்து வைத்த மூன்று பேர் இருக்கிறார்கள். அதிகாரம் தன் தேவைக்காகத்தான் அவர்களை உட்கார வைத்தது. இருக்கட்டும். வேலையைச் செய்தது அவர்கள்.

லிஸ்பனில் மிகப் பழைய கடையைத் தேடி வருகிற நம்ம ஆட்கள் யாராவது இந்த 1554ஐ நினைத்துக்கொள்கிறார்களா?

மறுபடியும் கடைக்கு வருவோம். 1900இல் கடைக்கு வயசு 168. அப்போது போர்த்துக்கல் சனங்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1970இல்கூட நாலில் ஒருத்தருக்குத் தெரியாது. சலசார் ஆட்சி அதைப் பெரிய குறையாக நினைக்கவில்லை. பத்திரிகைகளை நீலப் பென்சிலால் அடித்தார்கள். ‘நீலப் பென்சில்’ என்றாலே அங்கே தணிக்கை என்று அர்த்தம். புத்தகம் வெளிவந்த பிறகு போலீஸ் வந்து கடையில் இருந்தே அள்ளிக்கொண்டு போகும். 1958இல் அக்கிலினோ ரிபெய்ரோ ஒரு நாவல் எழுதினார், ஓநாய்கள் ஊளையிடும் காலம் பற்றியது என்று தலைப்பே சொல்லும். மலைக்கிராமத்துப் பொதுநிலத்தை அரசு எடுத்துக் காடு வளர்க்கப் போகிறேன் என்கிறது. ஆடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் அந்த நிலத்தையே நம்பியிருந்த சனங்கள் எதிர்த்து நிற்கிறார்கள். பெர்த்ரான்ட் பதிப்பாகத்தான் வந்தது. புத்தகத்தைப் பறிமுதல் செய்தார்கள். எழுபது தாண்டிய கிழவர் மேல் வழக்குப் போட்டார்கள். அந்தக் கடையில் எனக்கு மரியாதை வந்த இடம் இது. அக்கிலினோவின் பெயரில் அறை இருப்பது நியாயம். அந்தக் கடையின் பெருமையை 1732இல் வைக்காமல் 1958இல் வைத்திருந்தால் முத்திரையை நானும் குத்தச் சொல்லியிருப்பேன்.

கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அன்டோனியோ மரியா கார்டோசோ தெரு. ரகசியப் போலீஸ் பீடேயின் தலைமையகம் அங்கேதான் இருந்தது. 1974 ஏப்ரல் 25இல் ராணுவம் புரட்சி செய்து ஆட்சி கவிழ்ந்தபோது, அந்தக் கட்டிடத்தின் முன் திரண்ட சனத்தின் மேல் உள்ளேயிருந்து சுட்டார்கள். நாலு பேர் செத்தார்கள். பிற்பாடு அந்தக் கட்டிடம் பணக்காரர்களுக்கான அடுக்குமாடி வீடாகிவிட்டது. சுவரில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அதன் முன்னால் வரிசை கிடையாது.

அந்த ஆட்சியை உள்ளிருந்து அரித்தது எது என்று கேட்டால், ஆப்பிரிக்காவில் நடந்த விடுதலைப் போர் என்று வரலாறு சொல்லும். அந்தப் போரின் தலைவர்கள் எங்கே வாசித்தார்கள்? லிஸ்பனில்தான். 1944இல் காலனிகளிலிருந்து படிக்க வந்த மாணவர்களுக்காக ‘பேரரசு மாணவர் இல்லம்’ என்று ஒன்றை அரசே தொடங்கிவைத்தது. பையன்களை விசுவாசமாக வைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. கணக்குத் தப்பிவிட்டது. வேளாண்மை படிக்க வந்த ஆமில்கர் கப்ரால், மருத்துவம் படித்த கவிஞர் அகஸ்தீனோ நெட்டோ, மாரியோ பின்டோ தெ அந்த்ராடே எல்லாரும் அங்கே கூடினார்கள். ‘மென்சாஜெம்’ என்று ஒரு சிற்றிதழ் நடத்தினார்கள். அங்கோலா, மொசாம்பிக், சாவோ தோமே கவிஞர்களின் கவிதைகளைச் சின்னச் சின்ன நூல்களாகப் போட்டார்கள். 1951இல் சாவோ தோமேவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் வீட்டில் உட்கார்ந்து தங்கள் நிலம், தங்கள் மொழி, தங்கள் உழைப்பு பற்றித் தாங்களே பாடம் நடத்திக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த ஆப்பிரிக்கா பொய் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. 1965இல் பீடே அந்த இல்லத்தை இழுத்து மூடியது. இருந்தது இருபத்தோரு வருஷம். கப்ரால் 1973 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார், விடுதலையைக் கண்ணால் பார்க்கவில்லை. நெட்டோ 1975இல் அங்கோலாவின் முதல் ஜனாதிபதி ஆனார்.

இருபத்தோரு வருஷம் எங்கே, இருநூற்றுத் தொண்ணூறு எங்கே? வயசை வைத்து அளந்தால் மாணவர் இல்லம் ஒரு பொருட்டே இல்லை. கின்னஸ்காரர் அங்கே வரமாட்டார். ஆனால் ஐந்நூறு வருஷப் பேரரசை உடைத்த வாசிப்பு அந்த இல்லத்தில் நடந்தது.

இல்லை, கடையிலும் ஒரு சரமாகோ அறை இருக்கிறதே என்று கேட்கலாம். கேளுங்கள். சரமாகோ நிலமில்லாத குடியானவர் வீட்டுப் பிள்ளை. பன்றி வளர்த்துப் பிழைத்த தாத்தாவுக்கும் பாட்டிக்கும் எழுத்து தெரியாது. மேற்படிப்புக்குப் பணமில்லாமல் தொழிற்பள்ளியில் சேர்த்து, கார் மெக்கானிக் வேலைக்கு அனுப்பினார்கள். வேலை முடிந்து ராத்திரியில் கல்வேயாஷ் மாளிகை என்ற பொது நூலகத்துக்குப் போய், யாரும் வழிகாட்டாமல், கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தார். 1998இல் நோபல் பரிசு வாங்கப் போன இடத்தில், தான் கண்டதிலேயே பெரிய அறிவாளி எழுதப் படிக்கத் தெரியாத தன் தாத்தாதான் என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினார். அவரை வாசகனாக்கியது காசு கேட்காத, ராத்திரியிலும் திறந்திருந்த ஒரு பொது நூலகம். எழுத்தாளராகிப் பேரெடுத்த பிறகு கடை அவர் பெயரை எழுதி வைத்திருக்கிறது.

கடை வாசலில் முதுகில் சாப்பாட்டுப் பெட்டியோடு சைக்கிளைப் பிடித்தபடி ஒரு நேபாளத் தம்பி நின்றான். லிஸ்பனில் அந்த வேலையில் நேபாளிகளும் வங்காளதேசத்துக்காரர்களும் நிறைய. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், ‘உள்ளே போயிருக்கியா தம்பி’ என்று கேட்டேன். ‘அங்க எனக்கு என்ன வேலை பாய்’ என்று சிரித்தான். போகாதே என்று அவனை யாரும் தடுக்கவில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது, டிக்கெட்கூட இல்லை. போர்ட்டோ நகரத்தில் 1906இல் கட்டிய லெல்லோ கடையில் 2015 முதல் உள்ளே நுழையவே காசு. புத்தகம் வாங்கினால் கழித்துக்கொள்வார்கள். இங்கே அதுவும் கிடையாது. ஆனாலும் அவன் போகமாட்டான். உள்ளே அவன் மொழியில் ஒரு புத்தகம் இல்லை, உட்கார நேரம் இல்லை, உட்கார்ந்தால் அவனோடு பேச ஆள் இல்லை. பூட்டு இல்லாமலேயே ஒரு கதவை ஒருவனுக்கு மூடிவைக்க முடியும் என்பது நமக்குத் தெரியாததா?

ஆகவே தோழர்களே, ‘நமக்கும் அப்படி ஒண்ணு வேணும்’ என்பதற்கு என் பதில்: அப்படி ஒன்று வேண்டாம். வளைவும் ஓடும் முத்திரையும் நமக்கு எதற்கு? சிற்றிதழிலிருந்து கடை வளர்ந்த கதையும் ஐரோப்பாவில் இருக்கிறது. பாரிசில் அலியோன் தியோப் 1947இல் ‘ப்ரெசான்ஸ் ஆஃப்ரிக்கேன்’ என்ற இதழைத் தொடங்கினார். இதழ் பதிப்பகமானது. பதிப்பகம் புத்தகக் கடையானது. 1956இல் சோர்போனில் கறுப்பு எழுத்தாளர்கள் மாநாட்டைக் கூட்டியது அந்த இதழ்தான். செசேரும் ஃபனோனும் பேசிய மாநாடு. லிஸ்பனிலிருந்து தப்பிப் போன பின்டோ தெ அந்த்ராடே அந்த இதழில்தான் வேலை பார்த்தார். அங்கே சனம் முதலில், இதழ் அடுத்து, கடை கடைசியில். நாம் தலைகீழாக ஆசைப்படக் கூடாது.

நமக்கு வேண்டியது ஒரு அறை. வேலை முடிந்து வருகிறவனுக்கும் வருகிறவளுக்கும் ராத்திரி பத்து மணி வரை திறந்திருக்கிற அறை. காசு கேட்கக் கூடாது. வாசிக்கத் தெரியாத அம்மா வந்தால் வாசித்துக் காட்ட ஒரு ஆள் இருக்க வேண்டும். வந்த புத்தகம், போன புத்தகம் எழுதிவைக்க ஒரு நோட்டு. எந்த இதழ் வந்தாலும் இரண்டு பிரதி தனியாக எடுத்துவைக்க ஒரு டிரங்குப் பெட்டி. எழுதியவர் பெயரோடு, அச்சுக் கோத்தவர், மடித்தவர், தபாலில் போட்டவர் பெயரையும் கடைசிப் பக்கத்தில் போடுங்கள், அவரவர் சொந்தப் பெயரில். 1554இல் போன மாதிரி இன்னொரு தடவை பெயர் போக வேண்டாம்.

நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுகிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன், அது எனக்குப் பழகின வேலை. உங்கள் வீட்டுப் பரணில் நம்முடைய பழைய இதழ்கள், துண்டுப் பிரசுரங்கள், கையெழுத்துப் பிரதிகள் எது கிடந்தாலும் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் எடுத்து வையுங்கள். செல்லரித்திருந்தாலும் பரவாயில்லை.